விட்டும் போகாதவன்

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கும் ஜினராஜ் வீட்டு மாடி அறைக்கு, எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை வெயிலில் ஹென்ரிக் என்ற டச்சுக்காரன் குடிவந்தான். வருகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். இவன் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானே கற்பனை செய்த ஒரு விளையாட்டுக்குப் பலகை வரைந்துகொண்டிருந்தான்.

மணல் நிறத்தில் ஒரு பட்டணம். ஈயத்தில் வார்த்த குதிரைவீரர்கள். பூதங்களும் உண்டு. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஜினராஜ் மாடிக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் 'அடிமை வம்சம்' என்று ஒப்பித்தோமே, அந்த மாதிரி ராஜ்ஜியம் அது.

"இந்த ஊர்ல ராஜா எல்லாம் அடிமைங்க சார்," என்பான் ஹென்ரிக், கற்றுக்கொண்ட தமிழில். "சின்னப் பையனா சந்தையில வாங்குவாங்க. அப்பா இல்லாத பையன்தான் வேணும். அவனைக் கேட்டு யாரும் வரக்கூடாது. புதுப் பேரு வைப்பாங்க. பழைய பேரு மறந்துடும்."

"அப்புறம்?"

"சண்டை கத்துக்குடுத்து விடுதலை பண்ணுவாங்க. ஆனா போகமாட்டான். வாங்கினவர்தான் அவனுக்கு அப்பா, வீடு எல்லாம். சாகறவரைக்கும் பின்னாடி நிப்பான். இல்லன்னா அவனே ஒரு பையனை வாங்கணும்."

"அவருக்குச் சொந்தப் பிள்ளை இருந்தா?"

ஹென்ரிக் ஒரு சின்னக் காயை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தான். "பிள்ளைக்கு அங்க இடம் இல்ல."

ஜினராஜ் சமணர். வெல்லத்தில் ஏறிய எறும்பைக்கூட ஊதித்தான் விடுவார். விளையாட்டிலும் யாரையும் வெட்டமாட்டார், அதனால் தினமும் தோற்பார். அவருடைய அப்பா, வலையில் பிடித்த கௌதாரிகளைச் சந்தையில் விலைக்கு வாங்கிப் பறக்கவிடுகிறவர். அந்தப் பழக்கம் பிள்ளையை விடுமா? ஒருநாள் பலகையின் சந்தைக் கட்டத்தில் முகமே இல்லாத ஒரு காய் தனியாக நின்றது. ஜினராஜ் அதை வாங்கினார். வாங்கிய கையோடு விடுதலையும் செய்தார்.

"போப்பா. எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கோ," என்று சிரித்தார்.

ஹென்ரிக் சிரிக்கவில்லை. "அந்தக் காயை நான் செய்யல சார். நேத்துதான் பலகை மேல பாத்தேன்."

மறுவாரம் அவன் அறையைக் காலிசெய்தான். பலகை போயிற்று, காய்கள் போயின. அந்த ஒரு காய் மட்டும் பெட்டியில் இல்லை. அதைத் தேட அவன் பிரியப்படவும் இல்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை அதன்பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் வாடை. வியர்த்த குதிரை, பழைய தோல், அதற்கடியில் சுட்ட மாமிசம். வெங்காயம்கூட ஏறாத வீட்டில் மாமிச வாடை! அவர் மனைவி கனகலதா கூடத்தை மூன்று முறை கழுவிவிட்டாள். ஈரம் காய்வதற்குள் வாடை திரும்பி வந்தது.

அடுத்து சத்தம். ஜினராஜ் நடந்தால் பின்னால் ஒரு நடை. அவர் நின்றால் அதுவும் நிற்கும்.

பக்கத்து மனை வேடியப்பன் சுவர்த் தகராறு பேச வந்தார். கோபத்தில் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே பின்பக்கம் முறுகி, கரும்பு ஒடிகிற மாதிரி ஒடிந்தது. வலியில் தரையில் கிடந்தவர் ஜினராஜைப் பார்க்கவில்லை.

"உன் பின்னால நிக்கறது யாருய்யா?" என்றார்.

தன்னை அது ஒன்றும் செய்யாது என்று ஜினராஜுக்கு அப்போதே புரிந்தது. அவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, பாவம். நான்கு வயது மகன் பிரபு இருப்பதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு காலையில் பிரபுவின் செருப்பு கேட்டுக்கு வெளியே கிடந்தது. இன்னொரு நாள் அவனுடைய தட்டும் தலையணையும். ஒரு மத்தியானம் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடிப்பது கேட்டு ஓடினார்கள். தார்ச்சாலையின் நடுவில் பிரபு தூங்கிக்கொண்டிருந்தான்.

கேட் உள்பக்கம் பூட்டியே இருந்தது.

பலகைக்கு வெளியே வைத்த அந்தச் சின்னக் காய் ஜினராஜுக்கு நினைவு வந்தது.

மாடி அறைக்கு ஓடினார். "போயிடுப்பா. உன்னை விட்டுட்டேன். அன்னிக்கே விட்டுட்டேன்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். கட்டிப்போட்டவனை அவிழ்த்து விடலாம். விட்டுவிட்டவனை மறுபடி எப்படி விடுவது? பறக்கவிட்ட கௌதாரி எதுவும் அப்பாவின் தோளில் வந்து உட்கார்ந்ததில்லை. அப்படி வந்தால் என்ன செய்வதென்று அவரும் சொல்லித் தரவில்லை.

கத்தியின் தோலுறை உரசும் சத்தம் காதருகே கேட்டது. காத்திருக்கிற சத்தம்.

அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது. மனைவியையும் குழந்தையையும் மாடிக்கு வரச்சொன்னார். குழந்தையின் முகத்தைப் பார்க்காமல், வெறும் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இவன் என் பிள்ளை இல்லை. எனக்குப் பிள்ளையே கிடையாது."

"என்னங்க பேசறீங்க?" கனகலதா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கொழந்த கேக்கறான்..."

ஜினராஜ் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பார், அழுதால் அது பொய்யைக் கண்டுபிடித்துவிடும் என்று பயந்தார்.

அதன்பின் பிரபுவின் செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. வந்தவாசிப் பக்கம் இருந்த மாமனார் வீட்டுக்கு இருவரையும் அனுப்ப ஏற்பாடு செய்தார். பஸ் ஸ்டாண்டில் கனகலதா அவரோடு பேசாமல் ஏறினாள். வேர்க்கடலைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், நல்ல வெயில். ஜினராஜ் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"பிரபு."

குழந்தை திரும்பவில்லை.

"பிரபு... கண்ணு..."

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரபு, அப்பா கூப்பிடறாரு பாரு," என்று கனகலதாவே அவனை உலுக்கினாள். அவன் அசையவில்லை.

ஜினராஜின் தோளுக்குப் பின்னால் குதிரை வாடை எழுந்தது. கரகரத்த குரல் ஒன்று, அவர் கேட்டறியாத பாஷையில், ஒரே ஒரு பேர் சொல்லியது.

குழந்தை சட்டென்று திரும்பினான். அப்பாவின் தலைக்கு மேலே பார்த்தான்.

"வரேன்," என்றான்.

அப்பா இல்லாத பையன்தான் வேணும். அவனைக் கேட்டு யாரும் வரக்கூடாது. புதுப் பேரு வைப்பாங்க. ஹென்ரிக் சொன்னது அப்போதுதான் ஜினராஜின் நெஞ்சில் இடியாய் இறங்கியது. "அவன் என் பிள்ளை! என் பிள்ளைதான்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பஸ் நகர்ந்துவிட்டது. ஜனங்கள் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

பொழுது சாய்வதற்குள் எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். கூடத்தில் நடந்து பார்த்தார். நின்று பார்த்தார். மாடிப்படி ஏறிப் பார்த்தார்.

பின்னால் நடைச் சத்தம் இல்லை. வீட்டில் எங்கேயும் குதிரை வாடை இல்லை.