ஆச்சு

"ஆச்சா?" என்று கேட்டால் எதிரொலி "ஆச்சா?" என்றுதான் திரும்பி வர வேண்டும். "ஆச்சு" என்று வந்தது.

ஃபிட்டர் கப்பலின் பின்பக்கத் திறப்பின் விளிம்பில் குனிந்தபடியே நின்றார். கீழே இருட்டு, பழைய டீசலும் தேங்கிய கடல்நீரும் கலந்த நாற்றம்.

"எவனோ உள்ள படுத்திருக்கான் மாப்ள."

"வேலைக்கு ஆள் தேடுறப்ப மட்டும் ஒருத்தனும் கிடைக்க மாட்டான்," என்றான் மச்சினன். மனைவியின் தம்பி, அவரிடமே வேலை பழகியவன்.

அந்த நாசகாரிப் போர்க்கப்பலுக்கு அன்றோடு உத்தியோகம் முடிந்தது. அறைகளையெல்லாம் நீர் புகாமல் மூடியதும் இழுவைப்படகு அதை நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். அங்கே புதுக் கப்பல்கள் சுட்டுப் பழக அதுதான் குறி. மூட வேண்டியதில் மிச்சம் இந்த அடித்தள அறை ஒன்றுதான்.

மூடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் பின்பக்கத் திறப்பில் இறங்கி, உள்ளே ஆளில்லை என்று பார்த்துக்கொண்டே போய் முன்பக்கத் திறப்பில் ஏற வேண்டும். ஏறியதும், அறை நெடுக இரு திறப்புக்கும் ஓடும் காற்றுக்குழாயில் வாய் வைத்து "ஆச்சு" என்பார். அதைக் கேட்டதும் பின்பக்கத்து ஆள் மூடிவிட வேண்டும். போர்க்காலத்தில் வந்த பழக்கம். மறுகேள்வி கேட்க அப்போது நேரம் இருக்காது.

ஏணியருகே கப்பலின் வரலாற்றைப் பித்தளைப் பலகையில் பொறித்திருந்தார்கள். ஏவுகணை பட்டது, கப்பல் தப்பியது. தீப்பிடித்தது, கப்பல் தப்பியது. புயலில் வயிறு கிழிந்தது; கப்பல் தப்பியது. காலையில் டீ குடிக்கும்போது அதைக் காட்டிக் கப்பல்துறைக் காவலாளி ஒரு விஷயம் சொன்னார். முன்பு இதே கப்பலில் மாலுமியாக இருந்தவர்.

"ஒவ்வொரு தடவையும் தண்ணி புகுந்த அறையை மூடித்தான் தப்பிச்சோம். 'ஆச்சு'ன்னு கேட்டப்புறம்தான் மூடினோம். அப்புறம் தலையை எண்ணினா ஒருத்தன் குறைவான்."

"அப்ப 'ஆச்சு'ன்னது யாருய்யா?" என்று கேட்டார் ஃபிட்டர்.

"குறைஞ்சவன் குரல்தான்."

மச்சினனுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

இப்போது ஃபிட்டர் டார்ச்சையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டார். "உள்ள இருக்கிறவனைக் காதைப் பிடிச்சு முன்பக்கமா ஏத்திக்கிட்டு வரேன். நான் சொல்லாம மூடிடாத."

"சொன்னா மூடிடுவேன் மாமா. அப்புறம் தொறக்கச் சொல்லக் கூடாது."

இறங்கினார். கணுக்கால் வரை தண்ணீர். துரு உதிர்ந்த சுவர்களில் டார்ச் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓட, தலைக்கு மேலே போன குழாய்களின் நிழல்கள் அவரோடு கூடவே நகர்ந்தன. அவர் நின்றால் அவையும் நின்றன. ஒன்று மட்டும் சற்றுத் தாமதித்து நின்றது. எண்ணெய்த் தொட்டியின் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் அவர் கால் ஓய்ந்த பிறகும் தண்ணீரில் இன்னொரு 'சளக்' கேட்டது.

"எவன்டா அது?"



நடையைக் கூட்டினார். முன்பக்க ஏணியில் ஏறி மூடியைத் தள்ளினார். அசையவில்லை. காலையில் திறந்து கிடந்தது. இப்போது வெளியிலிருந்து மரைகளை முடுக்கியிருந்தார்கள். ஸ்பானரால் தட்டினார். மேலே சங்கிலி இழுக்கும் இரைச்சலில் அந்தத் தட்டல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

முன்பக்கம் மூட நின்ற ஆட்களிடமும் அந்தக் குரல் "ஆச்சு" என்று சொல்லியிருக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இறங்கினார். ஓடினார். வழுக்கி விழுந்தார். டார்ச் தண்ணீரில் அணைந்தது. தூரத்தில் பின்பக்கத் திறப்பு ஒரு தட்டு அளவுக்குப் பகல் வெளிச்சமாகத் தெரிந்தது. அதில் மச்சினனின் தலை.

"மாமா, ஆச்சா?"

"இல்லை" என்று கத்த வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து ஓர் உள்ளங்கை அவர் வாயைப் பொத்தியது. ஈரம். ஊறிப்போன தோல். அவசரமே இல்லாத கை.

காதோரமாக, அவருடைய குரலிலேயே, காற்றுக்குழாய்க்குள் அது சொன்னது:

"ஆச்சு மாப்ள. ஏறிட்டேன். மூடு."

"இன்னிக்குத்தான் மாமா என்னைத் திட்டாம வேலையை முடிச்சிருக்கீங்க!" மச்சினன் சிரித்தான். "நான் இப்படியே கிளம்புறேன். அக்காகிட்ட என்ன சொல்ல?"

ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை. கீழே எதுவோ அதை வாங்கிக்கொண்டது.

"சோறு எடுத்து வைக்கச் சொல்லு," என்றது அவர் குரல். "வந்துடுறேன்."

மூடி இறங்கியது. வெளிச்சம் பிறையானது. கீறலானது. போயிற்று. மரைகள் ஒவ்வொன்றாக இறுகின. நன்றாகவே இறுக்கினான், அவர் சொல்லிக்கொடுத்தபடி.

இழுவைப்படகின் ஊதல் கேட்டது. தரை மெல்லச் சாய்ந்து நகரத் தொடங்கியது.

அப்போதுதான் அந்தக் கை வாயிலிருந்து எடுபட்டது. கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதும், இருட்டில் பக்கத்தில் ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று, தொட்டியின் பின்னால் மற்றொன்று என்று, வெவ்வேறு குரல்கள் பொறுமையாகக் கேட்டன:

"ஆச்சா?"