உப்புச் சாடி இல்லாத மேஜை

காலை 10.10

பத்திரிகை ஆசிரியர் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். அவருடைய அக்கா அதைப் பார்ப்பதற்கு முன் உட்கார ஒரு நாற்காலி தேடினார். முப்பத்திரண்டு வருடம் போலீசில் நின்ற முழங்கால்கள் அவை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அக்கம்பக்கத்தில் அவர் இன்ஸ்பெக்டரம்மாதான். பூனையைக் காணோம் என்றாலும் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள்.

தாளில் ஒரு புகைப்படம், உணவகத்தின் கூரைக் காமிராவில் எடுத்தது. வழுக்கைத் தலையர் ஒருவர் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சூப் குடிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: ‘எந்தப் பெயரில் வந்தாலும் இவர்தான் அவர். உடனே தலைமைச் சமையல்காரரிடம் சொல்லவும்.’

“எங்கே கிடைச்சுது?”

“நேத்து மத்தியானம் பொண்டாட்டி புள்ளைங்களோட சாப்பிடப் போனேன்க்கா. நம்ம பட்டியல்ல இந்த வருஷம் முதல் இடம் அந்த ஓட்டலுக்குத்தான். மீன் ஆறிப்போய் வந்துது. கை கழுவப் போனா, சமையல்கட்டுக் கதவுல இது ஒட்டியிருக்கு. கிழிச்சு எடுத்துட்டு வந்துட்டேன்.”

விஷயம் இதுதான். நகரத்துக்குள் நல்ல உணவகம் தேடவே வேண்டாம், தடுக்கி விழுந்தால் ஒன்று. புறநகரில் அப்படியில்லை. ரயில் பாதை முடிகிற இடத்தில் வீடு வாங்கியவர்கள், கல்யாண நாளுக்கு எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் சாலையில் ஊர்ந்து நகரத்துக்கே வருவார்கள். அவர்களுக்காக இந்தப் பத்திரிகை வருடந்தோறும் புறநகரின் பத்து உயர்தர உணவகங்களைப் பட்டியல் போடும். தேர்ந்தெடுப்பவர் ஒரே ஒரு விமர்சகர். பொய்ப் பெயரில்தான் போவார். அவர் முகம் எந்த இதழிலும் வந்ததில்லை. இப்போது சமையல்கட்டுக் கதவில் வந்துவிட்டது.

“யாரோ காசு வாங்கிக்கிட்டுக் காட்டிக்குடுத்துட்டாங்க. அவருக்கு ராஜ உபசாரம், நம்மள நம்பிப் போறவங்களுக்கு ஆறின மீனு. ‘உப்பை அடக்கத் தெரிந்த கை’ன்னு அந்தச் சமையல்காரரைப் புகழ்ந்து தள்ளியிருக்கார்.”

“சந்தேகம் யார்மேல?”

“டிரைவர். அவங்க ரெண்டு பேரும் மட்டும்தான் போறது. விமர்சகரே சொல்றார், அவன்தான்னு. நாளையிலருந்து வர வேண்டாம்னு காலையிலயே சொல்லிட்டேன்.”

“விசாரிச்சியா?”

ஆசிரியர் பேனாவை மூடித் திறந்தார்.

“பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டினவரை ஒரு வார்த்தை கேக்காம அனுப்பிட்டே. அப்புறம் நான் எதுக்குடா?”

“ஆறு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகணும்க்கா. மனசு உறுத்துது.”

இன்ஸ்பெக்டரம்மா பெருமூச்சு விட்டுப் படத்தை மறுபடி பார்த்தார். பக்கத்து மேஜைகளில் எல்லாம் ஒரு குட்டி வெள்ளைச் சாடி இருந்தது. பிறகு அதே உணவகத்துக்குப் போன் போட்டு, மதியத்துக்கு ஓர் இடம் சொல்லிவைத்தார். ஐந்தே நிமிடத்தில் அவர்கள் திரும்ப அழைத்தார்கள்.

“இடம் உறுதி மேடம். ஒவ்வாமை, பத்தியம் ஏதாவது உண்டா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. முட்டிவலிதான் இருக்கு,” என்றார் எரிச்சலாக.

காலை 10.50

டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி அது அவர் ஓட்டப்போகிற கார் இல்லை. ஆனாலும் கண்ணாடியில் ஒரு கறை விடவில்லை.

“எங்கே போறோம்னு உங்களுக்கு எப்போ தெரியும்?”

“சார் ஏறி உக்காந்து பெல்ட் போட்டப்புறம்தாம்மா சொல்வார்.”

“என்ன பேர்ல போறார்?”

“தெரியாது.”

“அவர் உடம்பு எப்படி? ஏதாவது வியாதி?”

“கல்லு மாதிரி இருக்கார். ஏன்மா, உடம்பு சரியில்லையா?”

அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. பழி போட்டவனுக்காகவே பதறுகிற மனிதனைப் பார்த்தால் இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சலிப்பும் இரக்கமும் சேர்ந்தே வரும்.

“உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டிருக்காரா?”

“அந்த வழக்கமில்லம்மா. டப்பா எடுத்துட்டு வருவேன். வண்டியிலயே சாப்பிட்டு, வெளிய வர்றவங்க மூஞ்சியப் பாத்துட்டிருப்பேன். எந்த ஓட்டல் நல்ல ஓட்டல்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்.” அவர் துணியைப் பிழிந்தார். “மூத்தவ காலேஜ்ல கடைசி வருஷம்மா. வேலை போச்சுன்னு கூடச் சொல்லிக்கலாம். திருடன்னு பேர் வந்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது?”

மதியம் 12.40

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே ரப்பர் நாற்றம், மேலே வெள்ளை மேஜை விரிப்பு. புறநகரில் உயர்தரம் என்றால் இப்படித்தான், எங்கேயாவது ஒரு மூலையில் மாடி ஏறித்தான் தேட வேண்டும்.

அவருக்கு ஒதுக்கிய மேஜைக்கடியில் ஒரு குட்டை முக்காலி இருந்தது.

“இது எதுக்கு?”

“காலைத் தூக்கி வெச்சுக்கங்க மேடம். முட்டிவலின்னு சொன்னீங்களாமே,” என்றார் பரிமாறுபவர்.

இன்ஸ்பெக்டரம்மா காலைத் தூக்கி வைத்தார். காளான் சூப் வந்தது. கொஞ்சம் உப்பு தேவைப்பட்டது. மேஜைமேல் இருந்த வெள்ளைச் சாடியைத் திறந்து போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் தலைமைச் சமையல்காரரை அழைத்துப் படத்தைக் காட்டினார். அவர் மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பும் அவருக்கு இல்லை.

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை மேடம். நாங்களா கண்டுபிடிச்சோம். இந்தப் பக்கத்துச் சமையல்காரங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவோம்.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அது மட்டும் கேக்காதீங்க. அந்தப் பட்டியல்ல பேர் வரலைன்னா, இவ்வளவு தூரம் எங்களைத் தேடிக்கிட்டு யார் மேடம் வருவா?”

மதியம் 2.50

விமர்சகர் தன் மாடி வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஊருக்காகச் சாப்பிட்ட களைப்பு அவர் கன்னங்களில் தொங்கியது. அவர் மனைவி இரண்டு கிண்ணத்தில் காரட் சூப் கொண்டுவந்து வைத்தார்.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு வாய் குடித்தார். உப்பு பேருக்குக்கூட இல்லை.

விமர்சகர் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். “ரெண்டு வருஷமா இந்தத் தண்டனைதான். டாக்டர் ரத்தக்கொதிப்புன்னு சொன்னாலும் சொன்னார்.”

“ஆபீசுல தெரியுமா?”

“தெரிஞ்சா வேலை என்னத்துக்கு ஆகும்? டிரைவருக்குக்கூடத் தெரியாது.”

“ஓட்டல்ல இடம் சொல்றப்ப எந்த நம்பர் குடுப்பீங்க?”

“என் நம்பர் ஊருக்கே தெரியும். அதனால, சமையலறையில ஒரு பழைய போன் கிடக்கு, அந்த நம்பர். அதை யாரும் தொடறதில்ல.”

இன்ஸ்பெக்டரம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனார். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் பழைய போன் இருந்தது. யாரும் தொடாத அந்தப் போனில் தொண்ணூறு சதவீதம் சார்ஜ் இருந்தது. அவர் தம்பியை அழைத்தார்.

“டிரைவரைக் கூட்டிக்கிட்டு இங்க வா. அச்சுக்கூடத்துல கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.”

மாலை 4.20

டிரைவர் மேலே வரமாட்டேன் என்று கீழேயே காரருகில் நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டரம்மா படத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார்.

“டிரைவர் காட்டிக்குடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்? ‘பெரிய மனுஷன் வர்றார், ருசியாப் போடுங்க’ன்னு. வெண்ணெயும் உப்பும் தாராளமா விழுந்திருக்கும். ஆனா இதுல பாருங்க. எல்லா மேஜையிலயும் உப்புச் சாடி இருக்கு. உங்க மேஜையில மட்டும் இல்ல. இது விமர்சகருக்குப் போட்ட மேஜை இல்ல சார். ரத்தக்கொதிப்புக்காரருக்குப் போட்ட மேஜை.”

விமர்சகர் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“காலையில போன்ல முட்டிவலின்னு வாய் தவறிச் சொன்னேன். மத்தியானம் எனக்கு முக்காலி போட்டு வெச்சிருந்தாங்க. பெரிய ஓட்டல்ல எல்லாம் இடத்தை உறுதி பண்ணத் திரும்பக் கூப்பிடுவாங்க, பத்தியம் உண்டான்னு கேப்பாங்க. உங்களுக்காக அவங்க கூப்பிட்ட நம்பர், அடுப்பங்கரைப் போன். பதில் சொன்னது உங்க வீட்டம்மா.”

எல்லோரும் விமர்சகரின் மனைவியைப் பார்த்தார்கள். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டாங்க, சொன்னேன். உப்பு வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், சாடியை மேஜையில வைக்காதீங்க, கண்டா அள்ளிப் போட்டுக்குவார்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?”

“தப்பில்லம்மா. ஆனா பேர் மட்டும்தான் மாறுது. நம்பர் அதே நம்பர், பத்தியம் அதே பத்தியம். பத்துச் சமையல்காரங்க பேசிக்கிட்டா முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்?”

“வேற பேர்ல போறது ரகசியம்னு என்கிட்ட யார் சொன்னா? ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசவே மாட்டார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவருக்குப் பிரஷர் நூத்தி எழுவது இருக்கு, வாரத்துக்கு மூணு நாள் ஓட்டல்ல சாப்பிடறார்ங்கறதுதான். எனக்குத் தூக்கம் வருமா?”

ஆசிரியர் எழுந்து போய் அச்சுக்கூடத்துக்குப் போன் செய்தார். இந்த வருடம் பட்டியல் கிடையாது என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

விமர்சகர் படத்தை மடித்தார். “அப்போ ரெண்டு வருஷமா ஊர் ஊராப் போய் இவ சமையலைத்தான் புகழ்ந்து எழுதியிருக்கேன்.”

“இங்க கிண்ணத்தைத் தள்ளி வெச்சீங்க,” என்றார் மனைவி. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

“கீழ ஒருத்தர் நிக்கறார். காலையிலருந்து திருடனா நிக்கறார்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. விமர்சகர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். மற்றவர்கள் மாடி ஜன்னலருகே நின்றார்கள்.

டிரைவர் பழக்கதோஷத்தில் கார்க் கதவைத் திறந்தார். விமர்சகர் ஏறவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

“சாப்பிட்டீங்களா?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். “டப்பா இருக்கு சார். இன்னைக்கு இறங்கலை.”

விமர்சகர் கார்க் கதவைத் தானே சாத்தினார்.

“மேல வாங்க. சேந்து சாப்பிடலாம். உப்பு மட்டும் இருக்காது.”