ராயபுரத்துப் பிரெஞ்சுச் சனிக்கிழமைகள்

"கொஞ்சம் வழி விடறீங்களா?"

ஜூடி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்திருந்த அந்த ஆள் அசையவே இல்லை. கண்ணை இறுக மூடி, மடியில் ஒரு காகிதத்தை விரித்து வைத்து, என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வெளியே ராயபுரமே மிதக்கிற மாதிரி மழை. தூங்குகிறானா என்று ஜூடி குனிந்து பார்த்தாள் பாருங்கள்... குடையிலிருந்த தண்ணீர் மொத்தமும் அந்தக் காகிதத்தின் மேல்!

"அய்யய்யோ!" அவன் துள்ளி எழுந்தான். "இன்னாங்க இப்டி பண்ணிட்டிங்க! ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிக்கினு கீறேன்..."

"மூணு வாட்டி கூப்ட்டேன். காது கேக்கலன்னா நான் இன்னா பண்றது?"

"கண்ண மூடிக்கினு படிச்சா எனக்குக் காதும் மூடிக்கும்ங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இமையில் இரண்டு மழைத்துளி. அதற்குக் கீழே, கோபப்படவே தெரியாத இரண்டு கண்கள்... சண்டைக்கென்று ஜூடி எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. 'இருபத்தேழு வயசில் இதெல்லாம் தேவையாடி' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள்.

மாதா கோயிலுக்குப் பின்னால், அந்த மாடி ஹாலில்தான் ராயபுரம் பிரெஞ்சுப் பேச்சு மன்றம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூடி, தப்பும் தவறுமாகப் பிரெஞ்சு பேசி, சமோசா தின்று கலைகிற இடம். ஆரம்பித்தவர் லூயிஸ். துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளைக் குறித்துக்கொள்ளும் கிளார்க். பிரெஞ்சுக் கப்பல்காரர்களோடு ஊமை பாஷையிலேயே எத்தனை நாள் பேசுவது என்று, 1975-இல் நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம். மன்றத்துக்கு இப்போது வயது ஐம்பது. பொன்விழா மலருக்கு வரலாறு எழுத ஆள் தேடினார் தலைவர் டெரிக் அங்கிள். மாதவரத்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக இருக்கும் ஜூடி வசமாக மாட்டிக்கொண்டாள்.

அன்றுதான் அவளுக்கும் முதல் நாள்.

"புதுசா வந்தவரு எழுந்து நில்லுங்க" என்றார் டெரிக் அங்கிள்.

படிக்கட்டு ஆசாமி எழுந்தான். கையில் காகிதம் இல்லை. ஐயோ பாவம், நம்மால்தானே என்று ஜூடிக்கு மனசு அடித்துக்கொண்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் எடுத்து வைத்தான்.

"எனக்கு முப்பத்துநாலு வயது. துறைமுகத்தில் வேலை. எனக்குக் கல்யாணமாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை என் மனைவி மீன் குழம்பு வைப்பாள்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜூடியும் தட்டினாள். பார்த்தால் முப்பதுகூடத் தாண்டாதவன் மாதிரி இருக்கிறானே... சரி, இருந்துவிட்டுப் போகட்டும். எவனுக்கோ எவளோ மீன் குழம்பு வைத்தால் நமக்கென்ன? நமக்கென்ன, நமக்கென்ன என்று வீடு போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அவன் பெயர் திருமுருகன். காத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். வாராவாரம் அவள் பக்கத்து நாற்காலிக்கே வந்து உட்கார்ந்தான். "டீச்சர், கடலுக்கு இன்னா சொல்லணும்? அலைக்கு?" என்று நச்சரித்தான். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மலருக்காக எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு எழுதிவந்தாள்: எதற்காகப் பிரெஞ்சு கற்க வந்தீர்கள்? அவன் முறை வந்தது.

"போன வருசம் ஒரு கப்பல்ல, பிரெஞ்சு பேசற செனகல்காரரு ஒருத்தருக்குக் கை நசுங்கிடுச்சி. ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் இன்னொரு கையப் புட்ச்சிக்கினு நான்தான் ஒக்காந்துகினு இருந்தேன். அவரு இன்னாவோ கேட்டுக்கினே கீறாரு... தண்ணி கேட்டாரா, அவங்க அம்மாவக் கேட்டாரா, ஒண்ணியும் புரியல. அது மனசுல கெடந்து அரிச்சிக்கினே இருந்திச்சி டீச்சர்."

ஜூடியின் பேனா நின்றது. அடக் கடவுளே, இப்படிப்பட்டவனா இன்னொருத்திக்குப் புருஷனாக வாய்க்க வேண்டும்!

யாரிடமாவது விசாரித்திருக்கலாமே என்பீர்கள். எப்படி விசாரிப்பது? அவருடைய பெண்டாட்டியைப் பற்றி உனக்கென்னம்மா கேள்வி என்று திருப்பிக் கேட்டால் மானம் போகாதா? ஒவ்வொரு ஞாயிறும் மாதா முன்னால் முழந்தாள் போட்டு, 'இந்த நினைப்பை எடுத்துப் போடு தாயே' என்று வேண்டினாள். மாதா எடுத்துப் போடுகிற மாதிரி தெரியவில்லை.

ஆறாவது சனிக்கிழமை, எல்லோரும் இறங்கிப் போனபின், அவன் வாசலில் தயங்கி நின்றான்.

"டீச்சர்... நாளைக்கு எங்க வூட்டுக்கு வரிங்களா? உங்களப் பத்தி அம்மாகிட்ட சொன்னேன். பாக்கணும்னு சொல்லிக்கினே கீது."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு...

"உங்க வூட்டுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்? உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது. இனிமே என் பக்கத்துல ஒக்காராதீங்க!"

அவன் முகம் சுண்டிப்போனது. "சரிங்க" என்றான். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரமும் நாற்காலி காலி. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே அவள்? சோறு இறங்கினால்தானே!

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மன்றத்தின் பழைய பதிவேட்டை மேஜையில் விரித்தாள். லூயிஸுக்கு மூட்டை குறித்த பழக்கம் விடவில்லை போலிருக்கிறது. புதிதாக வந்த ஒவ்வொருவரும் முதல் நாள் பேசியதை வரி விடாமல் எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஜூடி சும்மா புரட்டினாள்.

1983. கன்னியாஸ்திரீ ரோசி. 'எனக்கு முப்பத்துநாலு வயது. எனக்குக் கல்யாணமாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை என் மனைவி மீன் குழம்பு வைப்பாள்.'

ஜூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். கன்னியாஸ்திரீக்கு மனைவியா? பக்கத்தைத் தள்ளினாள். 1991. ஃபாத்திமா, கல்லூரி மாணவி. அதே முப்பத்துநாலு, அதே இரண்டு பிள்ளைகள், அதே மீன் குழம்பு! உடனே டெரிக் அங்கிளுக்குப் போன் போட்டாள்.

"அதுவா? லூயிஸ் அண்ணன் தன்னப் பத்தி எழுதின மொத பாடம்மா அது. அம்பது வருசமா யாரு வந்தாலும் அத்தத்தான் ஒப்பிக்கணும். நீ டீச்சராச்சே, உனக்கு எதுக்குன்னு வுட்டுட்டோம். இன்னாத்துக்குக் கேக்கற?"

"மலருக்கு அங்கிள்... மலருக்குத்தான்."

போனை வைத்தாள். சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினாள்.

காத்திவாக்கத்தில் திருமுருகன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கழிமுகத்து ஓரம், கவிழ்த்துப் போட்ட படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் அணைந்துபோனது.

"இன்னா டீச்சர், வழி தவறி வந்துட்டிங்களா?"

"விசாரிச்சிக்கினுதான் வந்தேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "மன்னிச்சிருங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சின்னு நெனச்சிட்டேன்."

"எனக்கா? எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீங்க. மொத நாளு. பொண்டாட்டி, ரெண்டு புள்ள..."

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகுதான் உறைத்தது. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்... சிரித்துக்கொண்டே இருந்தவன் மெல்ல அடங்கினான்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? கிரேன் ஓட்றவன், மீன் புடிக்கிற வூட்டுப் புள்ள... இவன் வூட்டுக்கெல்லாம் போவணுமான்னு நெனச்சிட்டிங்கன்னு."

"சத்தியமா இல்ல. அது பாவம்ங்க, அப்டியெல்லாம் நான்..."

"சரி, வுடுங்க. ஒண்ணு கேக்கட்டா?" அவன் ஒரு அடி கிட்டே வந்தான். "எனக்குக் கல்யாணம் ஆயிருந்தா ஆயிட்டுப் போவுது. அதுக்கு நீங்க ஏன் டீச்சர் அவ்ளோ கோவப்படணும்?"

மாட்டிக்கொண்டாள்! சும்மாதான் என்று சொல்லலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பலாம். பஸ்ஸில் வரும்போது இரண்டையும் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். ஆனால் மூன்று சனிக்கிழமை பட்டது போதும் என்று தோன்றியது.

"ஏன்னா எனக்கு உங்களப் புடிச்சிக்கீது. மொத நாள்லேர்ந்து. இன்னொருத்தி புருசன் மேல ஆசப்பட்டுட்டமேன்னு மாதாகிட்ட அழுதுக்கினு கெடந்தேன்... போதுமா?"

அவன் பெயிண்ட் கையோடு கண்ணைத் துடைக்கப் போய், கன்னமெல்லாம் நீலமானது.

"நானும்தான் ஜூடி" என்றான். "நீ மாதாகிட்ட அழுத. நான் கிரேன் மேல அழுதேன். நூறடி ஒசரம்... யாருக்கும் தெரியாதுன்னு இஷ்டத்துக்கு அழுதேன்."