செவிப்பொட்டு

குளிப்பாட்டிப் பவுடர் போட்டதும், மகள் துளிரின் கன்னத்தில் இருந்த செவிப்பொட்டின் மேல் படிந்த பவுடரைச் சுடர்விழி ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாள். செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வைக்கப்படும் கறுப்புப் பொட்டு அது. திருஷ்டிக்கு அல்ல. குழந்தையின் காதில் விழும் பேச்சு, தூக்கம், குடித்த பால் எல்லாவற்றையும் அது சேர்த்துவைக்கும். முதல் பிறந்தநாளன்று கணிப்புக்கூடத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். தேறும் என்று வந்தால் பள்ளிக்கூடம். இல்லையென்றால், வளர்ந்ததும் பனிச்சுரங்கத்தில் கூலிவேலை.

இன்று பிறந்தநாள்.

இந்த ஒரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. சண்டை வந்தால் கணவனும் மனைவியும் சத்தம் வெளியே வராத காற்றடைப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இருந்தும், கிளம்பும் நேரத்தில் சுடர்விழி கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்குப் பால் பொங்கினப்ப நான் திட்டினேனே, அது பதிவாகியிருக்குமா?"

"பாலைத்தானே திட்டின, புள்ளையவா?" என்று சிரிக்கப் பார்த்தான் இன்பராஜ். சிரிப்பு வரவில்லை.

கணிப்புக்கூடத்து அதிகாரி மரகதம், பொட்டைப் பிரிக்காமலே திரையைப் பார்த்துச் சொன்னாள்: "நூத்துக்கு முப்பத்தெட்டு."

சுடர்விழியின் மடியிலிருந்த துளிர் அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அதன் கையைத் தட்டிவிட்டாள்.

"போச்சு. இது தேறாது," என்றாள்.

"எங்க வம்சத்துல யாரும் இப்படி இல்ல," என்றான் இன்பராஜ்.

மரகதம் இப்போதுதான் பொட்டைப் பிரித்து இயந்திரத்துக்குள் வைத்தாள்.

"முப்பத்தெட்டு எல்லாருக்கும் சொல்றதும்மா."

சுடர்விழிக்குப் போன உயிர் திரும்பியது. "அப்ப எங்க பாப்பாவுக்கு?"

"வீட்டுல எல்லாரும் நடிக்கிறாங்க. எந்தப் பொட்டைப் பிரிச்சாலும் தாலாட்டுதான். அதை வெச்சு என்னத்தக் கணிக்கிறது? மார்க் கொறைச்சல்னு கேட்டதும் புள்ளையப் பாத்து மொதல்ல வாயில வர்ற வார்த்தை இருக்கே, அது ஒண்ணு போதும். பூமியில பரீட்சை முடிவு வந்த வீடுகள்ல பேசினதையெல்லாம் கேட்டு இயந்திரம் கத்துக்கிச்சு. இதுவரைக்கும் தப்பினதில்ல."

"முன்னாடி வந்துட்டுப் போனவங்க யாருமே எங்ககிட்ட இதைச் சொல்லலையே!"

"எப்படிச் சொல்லுவாங்க? சொன்னா, அவங்க என்ன சொன்னாங்கன்னும் சொல்லணுமே."

இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தீர்ப்புச் சொல்ல அதற்கென்று தனிக்குரல் கிடையாது.

"இது தேறாது," என்றது, சுடர்விழியின் குரலில்.

அம்மாவின் குரல் கேட்ட மகிழ்ச்சியில் துளிர் இயந்திரத்தைப் பார்த்துக் கைதட்டியது.