உப்பில்லாத பசியாறல்

"அப்பா படத்த எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்தேன். இந்த வருசம் திதி எங்க வூட்டுலதான்!" லோரி எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தான் தினேஸ்வரன்.

அவன் அம்மா அம்மாக்கண்ணு, தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! மகன் குடியிருக்கும் திரிங்காப் பக்கமிருந்து எந்தக் காய்கறி லோரி வந்தாலும், தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கு ஓடி ஓடி ஏமாந்தவள் அவள்.

"பசியாறிட்டுப் போய்யா... மருந்து போடணும்ல?"

"பெத்த புள்ளைக்குக் கிட்னி தரேன்னுட்டு, கடைசி நேரத்துல மாட்டேன்னவதானே நீ! இப்ப தோசை குடுக்க வந்துட்டியாக்கும்!"

அவள் தோசைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். கிட்னி தருவதற்காகப் பரிசோதித்த அன்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "கிட்னியில வடிகட்டுற செல்லு, பக்கத்து ரத்தக் குழாய்க்கு 'வளரு, நல்லாரு'ன்னு ஓயாம சேதி அனுப்பும்மா. சேதி நின்னா குழாய் சுருங்கிடும். வடிகட்டி கெட்டு, புரதம் ஒழுகும். மகனுக்கு மட்டுமில்ல... உங்களுக்கும் ஒழுகுது."

மகனுக்கு இது தெரிந்தால், தன் வைத்தியத்தைப் போட்டுவிட்டு அம்மா பின்னால் அலைவான், பைத்தியக்காரப் பிள்ளை! அதனால்தான் பயமாயிருக்கிறது என்று பொய் சொல்லிப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டாள். அன்றோடு மகனிடமிருந்து வந்த சேதியும் நின்றது. அவளும் உள்ளுக்குள் சுருங்கித்தான் போனாள்.

அப்பா சிங்காரத்தின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியவன், பசி தாங்காமல் ஒரு துண்டு தோசையைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டான். மெல்லுவதை நிறுத்தினான்.

"என்னம்மா... உப்பே இல்ல?"

"மறந்துட்டேன்யா."

"உப்பு ஜாடியக் கழுவிக் கவுத்து வச்சிருக்க! உப்பு ஆகாத நான் வருவேன்னு உனக்குத் தெரியாது லா... அப்புறம் யாருக்கும்மா உப்பில்லாம சமைச்ச?"

அவள் அவசரமாகக் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் விடவில்லை. மண்டியிட்டு, வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தினான். குழி விழுந்தது; எழும்பவேயில்லை. தினமும் தன் காலை அழுத்திப் பார்ப்பவனுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்பலேர்ந்தும்மா...?"

"நீ பேச்ச நிறுத்துறதுக்கு முந்தியேய்யா..."

"ஐயோ, பாவிம்மா நான்!" அவள் மடியில் முகம் புதைத்துக் கதறினான். தவித்துக் கிடந்த கை, மகனின் தலையைக் கோதியது.

"அழாதய்யா... லோரி ஓடிக்கிட்டு இருக்கு பாரு."

அவன் போய் லோரியை அணைத்தான். அப்பா படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினான். பிறகு மனைவிக்குப் போன் போட்டான்.

"யுவனேஸ்வரி, கெளம்பி வா லா. திதி அம்மா வூட்டுலதான்... உப்பு மட்டும் கொண்டாராத."