துவைத்த சட்டை

சட்டையில் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. எரிமலையின் பழைய வாய்க்குள் பச்சையாகக் கிடந்த அந்த ஏரிக்கரையில் ஈரப்பாசியும், முந்தின நாள் யாரோ போட்டுவிட்டுப் போன குங்கிலியமும் மணக்க, யூலாலியாவின் கையிலிருந்த மகளின் சட்டை மட்டும் கடைச் சோப்பாக மணந்தது.

ஒன்பது நாளைக்கு முன் இதே கரையில் வழுக்கி விழுந்து பயந்தவள் டெல்ஃபினா. ஆறு வயது. அன்றிலிருந்து பேச்சில்லை, தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது, உயிர் கரையிலேயே நின்றுவிட்டது என்றார்கள். அன்று போட்டிருந்த சட்டையை, பிள்ளையின் வாசனை போகாதபடி துவைக்காமல் கொண்டுபோய்த் தரையில் அடித்து, மூன்று முறை பெயர் சொல்லி அழைத்து, முதுகில் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தங்காது.

துவைக்கக் கூடாதென்று யூலாலியாவுக்கும் தெரியும். ஆனால் சட்டையெல்லாம் வாந்தி. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் போடுவானேன் என்று விடியுமுன் அலசி, அடுப்போரம் காயவைத்து எடுத்து வந்துவிட்டாள்.

மேலே காவல் குடிசையில் காவலாளி டிரான்சிட்டோ அவள் இறங்குமுன்பே சொல்லியிருந்தார். "பன்னெண்டு மணிக்கு மேகம் எறங்கிடும் தாயி. அதுக்கப்புறம் யாரும் கூட இருக்குறது ஏரிக்குப் புடிக்காது."

"நான் என்ன அதுக்கு மாமியாரா, கூடவே உக்காந்திருக்க?" என்று சிரித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சட்டையைத் தரையில் அடித்தாள்.

"டெல்ஃபினா, வா, வீட்டுக்குப் போகலாம்."

காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இரண்டாம் முறை அழைத்தாள். மூன்றாம் முறை அழைத்தபோது, காற்றே இல்லாத தண்ணீரின் நடுவிலிருந்து ஒற்றைக் கோடாக ஒரு அலை புறப்பட்டு, நேரே அவள் காலடிக்கு வந்து நின்றது. அதன் பின்னாலேயே மேகமும் இறங்கியது.

சட்டையைச் சால்வைக்குள் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு காவல் குடிசை வரையிலான ஐந்நூறு படிகளையும் ஏறத் தொடங்கினாள். நூறாவது படியில் முதுகு கனத்தது. யூலாலியா அழுதுவிட்டாள், அத்தனை சந்தோஷம்.

"வந்துட்டியா என் கண்ணு. கெட்டியாப் புடிச்சுக்கோ."

அது பிடித்துக்கொண்டது.

இருநூறாவது படியில் மூச்சு வாங்கியது. டெல்ஃபினா அரை மூட்டைச் சோளம்கூட இருக்கமாட்டாள். இது முழு மூட்டையாக அழுத்தியது. இடுப்பு வழியாகத் தண்ணீர் வழிந்தது. கட்டும்போது சட்டை காய்ந்துதான் இருந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது.

முந்நூறு. கழுத்தில் குளிர்ந்த மூச்சு. நானூறு. சோப்பு வாசனை. பிள்ளைக்காக ஏறினாள். பிள்ளை பிழைக்கவேண்டும். அவ்வளவுதான்.

மேகத்துக்குள்ளிருந்து டிரான்சிட்டோ போனைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஒன் வீட்டுக்காரர் பேசுனாரு தாயி. பாப்பா காலையில எட்டு மணிக்கே எந்திரிச்சுட்டாளாம். ரெண்டு முட்டையும் பீன்ஸும் தின்னுட்டு, அம்மா எங்கன்னு..."

எட்டு மணிக்கு யூலாலியா ஏரிக்கே வந்து சேரவில்லை.

டிரான்சிட்டோவின் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. சிரிப்பு மெல்லப் போயிற்று. ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி.

யூலாலியா குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். டெல்ஃபினாவின் சட்டைக் கைகள் இரண்டும் அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தன. அவை சிறிய கைகள், பொத்தான்கூடப் போட்டிருந்தது. அவற்றுக்குள்ளிருந்து வெளியே நீண்டு, அவள் வயிறு வரை தொங்கிய வெளுத்த விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வா," என்றது காதருகே, யூலாலியாவின் குரலிலேயே. "வீட்டுக்குப் போகலாம்."