தண்ணீர் குடித்த வைஃபை

"அக்கா! பதினொண்ணு! நல்லா எண்ணிட்டேன், பதினொண்ணேதான்!"

தம்பி நாற்பதாவது தடவையாக எண்ணி முடித்தான். மீன் தொட்டியில் ஆரஞ்சு நிறக் கப்பி மீன் அன்று காலைதான் குட்டி போட்டிருந்தது. கடுகுக்கு வால் முளைத்தாற்போல் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

அந்த மீனை வாங்கிக் கொடுத்தவர் அம்மா. அவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கப்பல் இன்று ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. ஐந்து மணிக்கு வீடியோவில் பேசுவார். கால் மணி நேரம்தான். அப்புறம் இருபது நாள் கடலில். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்துவிடுமே! எப்படியாவது இன்றே அம்மாவுக்குக் காட்டியாக வேண்டும்.

மணி நாலரை. ஒத்திகை பார்க்க அப்பா தெருவுக்குப் போய்த் தன் போனிலிருந்து கூப்பிட்டார். லேப்டாப்பில் அவர் முகம் தெரிந்தது. உடனே வாயைப் பிளந்தபடி அப்படியே உறைந்து நின்றது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா படபடவென்று உள்ளே வந்தார். "நெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடிக்கிறேன்!"

"இருங்கப்பா, நெட் வேற, வைஃபை வேற" என்றாள் அக்கா. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் 'துருவி' என்றே பெயர். "தெருவுல இருந்து ஒயர் வழியா ரவுட்டர் வரைக்கும் வர்றது நெட். ரவுட்டர்ல இருந்து காத்துல நம்மகிட்ட வர்றது வைஃபை. எது மக்கர் பண்ணுதுன்னு மொதல்ல பாப்போம்."

ரவுட்டர் மீன் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். எதையும் அழகாக வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "பச்சை லைட்டு தண்ணிக்குள்ள மின்னினா எவ்வளவு அழகு!" என்று போன வாரம்தான் அங்கே வைத்தார்.

துருவி அப்பாவின் போனை வாங்கித் தொட்டிக்கு முன்னால் பிடித்தாள். வைஃபை சிக்னல் ஒரே ஒரு கோடு. தொட்டியின் பக்கவாட்டில் கையை நுழைத்து, பின்னால் பிடித்தாள். நாலு கோடு! மறுபடி முன்னால்: ஒன்று. பின்னால்: நாலு. போட்டுப் பார்த்த வீடியோவும் அங்கே தடங்கலின்றி ஓடியது.

"கண்டுபிடிச்சிட்டேன்! நெட் நல்லாத்தான் இருக்கு. வைஃபைதான் தண்ணியத் தாண்டி வர முடியாம திணறுது!"

தம்பி திடுக்கிட்டான். "என் மீனுங்க வைஃபையக் குடிச்சிடுச்சா?"

"மீனுங்க பாவம்டா. தண்ணிதான் குடிச்சிடுச்சு."

ரவுட்டரை இழுத்துப் பார்த்தாள். சுவரிலிருந்து வரும் ஒயர் விறைத்துக்கொண்டு நின்றது. அப்பா தொட்டியை நகர்த்தக் கை வைத்தார். தண்ணீர் தளும்பியது.

"வேண்டாம்பா! குட்டிங்க பயந்துடும்!" தம்பி அலறினான்.

மணி நாலு ஐம்பத்திரண்டு.

"காத்துல வர முடியலேன்னா ஒயர்ல வரட்டும்!" துருவி அலமாரிக்கு ஓடினாள். ரவுட்டர் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு நீல நிற ஒயர், சுருட்டியது சுருட்டியபடி கிடந்தது. ஒல்லிக் கையைத் தொட்டிக்குப் பின்னால் விட்டு, ரவுட்டரின் துளையில் ஒரு முனையைச் செருகினாள். 'டிக்!'

மறுமுனை தொட்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தது. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட நீளவில்லை.

"இத்தனூண்டு ஒயரா?" அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"போதும்பா. நமக்கு வேண்டிய இடமே இதுதானே!"

தொட்டிக்கு எதிரே ஸ்டூல். ஸ்டூல்மேல் லேப்டாப். அதில் ஒயரின் மறுமுனை. 'டிக்!'

சரியாக ஐந்து மணிக்கு அழைப்பு ஒலித்தது. கன்னத்தில் எஞ்சின் கரியோடு அம்மா சிரித்தார். உறையவில்லை, திக்கவில்லை, பளிச்சென்று தெரிந்தார்.

"அம்மா, குட்டி போட்டிருக்கு! பதினொண்ணு!" தம்பி குதித்தான். துருவி லேப்டாப்பைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

"அடடா, என் தங்கங்களா!" அம்மா மூக்கைத் திரையோடு ஒட்டிக்கொண்டு எண்ணினார். "...பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. டேய், பன்னெண்டு இருக்கே!"

"இல்லம்மா, பதினொண்ணுதான்!"

"அந்த வெள்ளைக் கல்லுக்குப் பின்னால பாரு, ஒரு வால் ஆடுது!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஆமாம், ஆடியது!

"கடல் தாண்டி இருக்கிற அம்மாவுக்குத் தெரியுது. பக்கத்துல நிக்கிற உனக்குத் தெரியலையே!" அப்பா தம்பியின் தலையில் செல்லமாகக் குட்டினார்.

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். துருவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியோ யாரையும் கவனிக்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து நாற்பத்தோராவது தடவையாக ஆரம்பித்திருந்தான்.

"ஒண்ணு... ரெண்டு..."